ஹிக்கரிச் சிராய்

ஒரு தேசத்தின் பாகசாஸ்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அடுப்பின் மேலே இருப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். அடியில் எரிவதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதி ராஜ்யங்களில் பார்பெக்யூ என்ற பெயரால் தலைமுறை தலைமுறையாக நடந்து வரும் மாமிசப் பாகத்தின் வரலாற்றிலும் இதே நிலைதான். காடியைத் தெளிப்பது முறையா, தக்காளிச் சாற்றைப் பூசுவது முறையா, பன்றியை முழுதாகச் சுடுவது உயர்வா, தோள் துண்டை மட்டும் சுடுவது உயர்வா என்ற விவாதங்கள் ஏடு ஏடாக நிரம்பிக் கிடக்க, அந்த மாமிசத்துக்கு மணத்தைக் கொடுத்த மரம் எது, அம்மரத்தை வீழ்த்திப் பிளந்து சிராய்களாக்கி நெருப்புக்குப் பக்குவப்படுத்தியவர் யார் என்ற கேள்வி ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறது. என் அபிப்பிராயத்தில் அந்தக் கேள்வியே முதன்மையானது. விறகின் கதையைச் சொன்னால் பார்பெக்யூவின் கதை முழுவதும் அதனுள் அடங்கிவிடும்.

கொலம்பஸுக்குப் பின் கரீபியத் தீவுகளில் வந்திறங்கிய ஸ்பானியர், அங்கு வாழ்ந்த தாயினோ மக்கள் கவைக்கோல்களை நட்டு, அவற்றின்மேல் பச்சைக் கழிகளைப் பரப்பிப் பரணாக அமைத்து, அடியில் மெல்லிய நெருப்பையிட்டு மீனையும் இறைச்சியையும் வாட்டி வைப்பதைக் கண்டார்கள். வட அமெரிக்காவின் கீழ்க்கரையில் வாழ்ந்த சுதேசிகளிடமும் இத்தகைய பரண் இருந்தது. வர்ஜீனியாவில் ஆங்கிலேயர் குடியேறி வேரூன்றிய பிறகு, சுதேசிகளின் பரணும், ஆங்கிலேயர் கப்பலேற்றிக் கொண்டுவந்த பன்றியும், அடிமைகளாகக் கொணரப்பட்ட ஆப்பிரிக்கரின் கைத்திறமையும் ஒன்றுசேர, புதியதொரு முறை உருவாயிற்று. தரையில் நீண்ட அகழி வெட்டுவார்கள். அதற்குச் சற்று அப்பால் ஹிக்கரி, ஓக் முதலிய வைரம் பாய்ந்த மரங்களின் கட்டைகளைக் குவித்துக் கொளுத்துவார்கள். கட்டைகள் எரிந்து புகை அடங்கிக் கனிந்த தணலாக மாறிய பின், அத்தணலை மண்வாரியால் அள்ளி வந்து அகழியில் பரப்பி, குறுக்கே பச்சைக் கழிகளை வைத்து, அவற்றின்மேல் பிளந்த பன்றியையோ ஆட்டையோ கிடத்தி, பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக மெல்லச் சுடுவார்கள்.

இத்தகைய விருந்துகள் அக்காலத்தில் பொது வாழ்வின் அங்கமாகவே விளங்கின. ஜார்ஜ் வாஷிங்டன் 1769ஆம் ஆண்டில் அலெக்ஸாண்டிரியா நகரத்தில் ஒரு பார்பெக்யூவுக்குப் போய் இரவு தங்கியதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். நான்கு ஆண்டுகள் கழித்துத் தாமே ஒரு விருந்து கொடுத்ததையும் குறித்திருக்கிறார். 1793 செப்டம்பர் 18ஆம் தேதி, தலைநகரில் சட்டசபை மாளிகைக்கு அவர் அஸ்திவாரக் கல்லை நாட்டியபோது, அந்த வைபவத்தின் முடிவில் 500 ராத்தல் எடையுள்ள ஒரு காளையைச் சுட்டு ஜனங்களுக்கு விருந்திட்டார்கள்.

அந்த விருந்துகளில் கலந்துகொண்ட பிரமுகர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. முந்திய நாட்களில் காட்டுக்குச் சென்று மரத்தை வீழ்த்தி, வண்டியேற்றிக் கொணர்ந்து, பிளந்து அடுக்கி, அகழியை வெட்டி, இரவு முழுவதும் கண்விழித்துத் தணலை வாரிப் போட்டுக்கொண்டிருந்த அடிமைகளின் பெயர்கள் அநேகமாகக் கிடைக்கவில்லை. கிடைத்த சிலவற்றுள் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1930களின் பிற்பகுதியில், பொருளாதார மந்தத்தால் வேலையிழந்த எழுத்தாளர்களுக்கு வேலை கொடுக்க அமெரிக்க அரசாங்கம் வகுத்த திட்டத்தின் கீழ், அடிமை வாழ்வை அனுபவித்து அப்போதும் உயிரோடிருந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட முதியோரின் வாய்மொழிகள் எழுதி வைக்கப்பட்டன. அவர்களுள் ஒருவர் தென் கரோலினாவைச் சேர்ந்த வெஸ்லி ஜோன்ஸ். தொண்ணூறு வயதைக் கடந்திருந்த அவர், தம் இளமையில் இரவு முழுவதும் தணலருகே நின்று இறைச்சியைச் சுட்டதையும், காடியில் மிளகு, மிளகாய், உப்பு, வெண்ணெய், கொத்தமல்லி, வெங்காயம், பூண்டு முதலியவற்றைச் சேர்த்த கலவையைக் கழியில் சுற்றிய துணியால் ஓயாமல் ஒற்றிக்கொண்டிருந்ததையும் விவரித்தார். இறைச்சியிலிருந்து சொட்டும் துளிகள் நெருப்பில் விழுந்து, புகையையே மசாலை மணமுள்ளதாக மாற்றி, அந்தப் புகை மீண்டும் இறைச்சியில் ஏறுகிறது என்று அவர் சொன்ன விளக்கம், பின்னாளில் ரசாயன சாஸ்திரிகள் ஆராய்ந்து கண்ட உண்மைக்குச் சற்றும் மாறுபடாதது. எழுத்தறிவு சட்டத்தாலும் சவுக்காலும் மறுக்கப்பட்ட ஒரு ஜனசமூகம், நெருப்பைக் கூர்ந்து பார்த்தே இத்தகைய ஞானத்தைச் சேகரித்து வைத்திருந்தது என்பதை எண்ணும்போது மரியாதை தானாகவே எழுகிறது.

இனி மரத்துக்கு வருவோம். ஹிக்கரி வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் செழித்து வளரும் மரம். வால்நட் குடும்பத்தைச் சேர்ந்தது. கனமும் உறுதியும் மிக்கது. அடியைத் தாங்கி வளைந்து கொடுக்கும் இயல்புடையது. ஆகையால் அமெரிக்கர் தங்கள் கோடரிகளுக்குக் காம்பு செய்ய இதையே தலைசிறந்ததாகக் கருதினர். ஹிக்கரி மரத்தை வெட்டிய கோடரியின் காம்பும் ஹிக்கரியாகவே இருந்தது. ஆண்ட்ரூ ஜாக்ஸன் என்ற தளபதிக்கு அவருடைய போர்வீரர்கள் இம்மரத்தின் பெயரையே பட்டமாகச் சூட்டினார்கள். அவர் 1828இல் ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டபோது அவருடைய ஆதரவாளர்கள் ஊர் ஊராக ஹிக்கரிக் கம்பங்களை நட்டார்கள். பார்பெக்யூ விருந்து வைத்து வாக்குக் கேட்கும் வழக்கமும் அக்காலத்தில் வலுத்து நின்றது.

ஆனால் அகழியில் சுடும் முறைக்குச் சிராய் தேவையில்லை; பெருங்கட்டைதான் வேண்டும். சிராயின் பிறப்பிடம் வேறு. பண்ணை வீடுகளின் பின்புறம் சாளரமில்லாத சிறு கட்டடம் ஒன்று நிற்கும், அதுவே புகைவீடு. மார்கழி, தை மாதக் குளிரில் பன்றிகளை அறுத்து, தொடைகளை வாரக்கணக்கில் உப்பில் புதைத்து வைத்து, பின்பு புகைவீட்டின் உத்தரங்களில் தொங்கவிடுவார்கள். அங்கே வேண்டுவது வெப்பமன்று, புகை மட்டுமே. தரையில் மூட்டிய சிறு நெருப்பு கொழுந்து விட்டெரிந்தால் கொழுப்பு உருகி இறைச்சி கெட்டுவிடும். அணைந்து போனாலோ பூச்சி வந்து முட்டையிடும். ஆகவே ஹிக்கரிச் சிராய், மரத்தூள், பச்சைக் குச்சி, சோளக் கதிரின் சக்கை ஆகியவற்றை மேலே தூவி, நெருப்பை மூச்சுத் திணற வைத்து, நாட்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும்படி காத்தார்கள். மரம் பிளக்கும் இடத்தில் சிதறிக் கிடந்ததைக் கூடையில் வாரி வருவதுதான் தொடக்கத்தில் சிராய் சேகரிக்கும் முறையாக இருந்தது. இன்று வீட்டுக் கொல்லையில் கைக்கோடரியோடு அமர்ந்து சிராய் செதுக்குவோர் உண்மையில் அந்தப் புகைவீட்டின் வாரிசுகளே.

ஏன் சிராய் புகைகிறது, ஏன் அதன் புகை இனிக்கிறது என்பதைச் சற்று நின்று பார்ப்பது தகும். மரத்தின் பெரும்பகுதி செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும். எஞ்சிய ஏறக்குறைய கால் பங்கு, நார்களை இறுகப் பிணைத்து நிற்கும் லிக்னின். வெப்பம் 200 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டியதும் முதலில் சிதைவது ஹெமிசெல்லுலோஸ். அதிலிருந்து புளிப்பு அமிலங்களும், இறைச்சியின் மேற்புறத்துக்குப் பொன்னிறம் ஊட்டும் பொருள்களும் பிறக்கின்றன. 300 டிகிரிக்கு மேல் லிக்னின் உடையும்போதுதான் குவாயகால், சிரிங்கால் என்னும் வாசனைப் பொருள்கள் வெளிப்படுகின்றன. புகையின் மணம் என்று நாம் அறிவது பெரும்பாலும் இவற்றையே. ஓக், ஹிக்கரி போன்ற அகன்ற இலை மரங்களின் லிக்னின் சிரிங்காலை மிகுதியாகத் தருகிறது. பைன் முதலிய ஊசியிலை மரங்களில் அது மிகக் குறைவு. அத்துடன் அவற்றின் பிசின் எரிந்து கரும்புகையையும் கசப்பையும் உண்டாக்குகிறது. இந்த அட்டவணையெல்லாம் இல்லாமலே, பைன் காடுகள் சூழ்ந்த கரோலினாவில் கைக்கெட்டிய பைனை விலக்கி, தேடிப்போய் ஹிக்கரியை வெட்டி வந்தவர்களின் நாக்கு இந்த உண்மையை முன்பே அறிந்திருந்தது.

மேற்கே டெக்ஸாஸில் ஹிக்கரியின் இடத்தைப் போஸ்ட் ஓக் பிடித்துக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஜெர்மானியரும் செக் இனத்தாரும் இறைச்சிக் கடைகள் வைத்து, விற்காமல் மிஞ்சியதைப் புகையில் பதப்படுத்தினார்கள். பருத்தி எடுக்க வந்த கூலியாட்கள் அதைக் கடையிலேயே காகிதத்தில் வாங்கி நின்றபடி உண்டார்கள். லாக்ஹார்ட் என்ற சிற்றூரில் 1900இல் தொடங்கிய கிராய்ட்ஸ் கடை அவ்வகையில் பிரசித்தி பெற்றது. 1999இல் குடும்பத்தார் பிரிந்து புதிய கட்டடத்துக்கு அந்தப் பெயர் மாறியபோது, பழைய குழியின் தணலை ஒரு தொட்டியில் இட்டுத் தெருவழியே இழுத்துச் சென்று புதிய அடுப்பை மூட்டினார்கள். நெருப்புக்கும் வம்சம் உண்டென்ற நம்பிக்கை அவர்களிடம் இருந்தது.

தென்மேற்கு டெக்ஸாஸின் வறண்ட நிலத்திலோ ஓக்கும் அரிது. அங்கே மெஸ்கீட் என்னும் முள்மரமே விறகு. அதன் நெருங்கிய உறவினன் நம் ராமநாதபுரம் சீமையின் கண்மாய்களையும் தரிசுகளையும் மூடி நிற்கும் சீமைக்கருவேலம்; அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்ததே. முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் கரிமூட்டம் போடுவோர் அறிந்தபடியே, டெக்ஸாஸ் மாட்டுக்காரரும் இவ்வின மரம் உக்கிரமாக எரிந்து கெட்டித் தணலாகும் என்பதை அறிந்து வைத்திருந்தார்கள்.

காடுகளுக்கும் அடுப்புகளுக்கும் இருந்த இந்த உறவு நகரங்கள் வளர வளர நலிந்தது. டென்னஸீயில் பிறந்த ஹென்றி பெர்ரி என்ற கறுப்பினத்தவர் 1908ஐ ஒட்டிக் கான்ஸாஸ் நகரத்துச் சந்தொன்றில் ஓக், ஹிக்கரி நெருப்பில் சுட்ட இறைச்சியைக் காகிதத்தில் பொதிந்து விற்று, அந்நகரின் பார்பெக்யூ பரம்பரைக்கே மூலபுருஷராக விளங்கினார். ஆனால் அதே நகரத்தில் அதற்குச் சற்று முன்னர் ஏர்னஸ்ட் ரைட் என்ற மருந்து வியாபாரி, விறகுப் புகையைக் குளிரவைத்து நீராக்கிக் குப்பியில் அடைத்து விற்கத் தொடங்கியிருந்தார். 1897இல் பென்ஸில்வேனியாவைச் சேர்ந்த எல்ஸ்வொர்த் ஸ்வாயர் கரித்தூளை அச்சில் அழுத்திக் கட்டியாக்கும் முறைக்கு உரிமை பெற்றார். பின்பு வந்தவர் ஹென்றி போர்டு. மோட்டார் வண்டிகளின் உடலுக்கு அக்காலத்தில் மரம் ஏராளமாக வேண்டியிருந்தது. மிச்சிகன் காடுகளில் மரம் அறுத்து மிஞ்சிய துண்டுகளையும் தூளையும் வீணாக்க மனமில்லாத போர்டு, ஓரின் ஸ்டாபர்டு என்ற ரசாயன நிபுணரின் முறைப்படி அவற்றைக் கரியாக்கி, மாவுப்பசை சேர்த்துக் கட்டிகளாக்கித் தம் மோட்டார் விற்பனைக் கடைகளிலேயே விற்றார். 1951இல் அத்தொழில் கைமாறிக் கிங்ஸ்போர்டு என்ற பெயர் பெற்றது. அடுத்த ஆண்டே சிக்காகோவில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தாம் வேலை செய்த உலோகப் பட்டறையில் கடல் மிதவைகளுக்காகச் செய்த இரும்புக் கோளத்தை இரண்டாகப் பிரித்து, மூடியுள்ள உருண்டை அடுப்பொன்றைச் செய்தார். அதுவே வெபர் அடுப்பு. யுத்தத்துக்குப் பின் எழுந்த புறநகர்களில் வீட்டுக்கொரு புல்வெளியும் புல்வெளிக்கொரு அடுப்பும் என்றாயிற்று.

அந்த அடுப்பில் கரிக்கட்டி இருந்தது, மரம் இல்லை. வெப்பம் கிடைத்தது, மணம் கிடைக்கவில்லை, ஏனெனில் மணத்தைத் தரும் பொருள்களெல்லாம் கரியாகும்போதே பறந்து போயிருந்தன. இந்தக் குறையை நிரப்பவே பழைய புகைவீட்டுச் சிராய் புதிய உத்தியோகத்துக்கு அழைக்கப்பட்டது. தணலின்மேல் ஒரு கைப்பிடி ஹிக்கரிச் சிராயைத் தூவி மூடியைக் கவிழ்ப்பது வழக்கமாயிற்று. கடைகள் அதைப் பையிலடைத்து விற்கத் தொடங்கின. விஸ்கி முதிர வைத்த ஓக் பீப்பாய்கள்கூடப் பின்னர் உடைத்துச் சிராயாக்கி விற்கப்பட்டன. உணவு விடுதிகளிலும் நிலைமை மாறிற்று. இரவெல்லாம் விழித்துத் தணல் வாரும் ஆட்களுக்குக் கூலி கொடுக்க இயலாமல், வட கரோலினாவில் விடுதிக்குப்பின் விடுதியாக எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் மாறின. இதைக் கண்டு மனம் நொந்த ஜான் ஷெல்டன் ரீட் என்ற சமூகவியல் பேராசிரியரும் அவருடைய நண்பரும், விறகு அல்லது விறகுத் தணலால் மட்டுமே சமைக்கும் விடுதிகளை ஆய்ந்து சான்றளிக்கும் இயக்கம் ஒன்றை 2013இல் தொடங்கினார்கள். தென் கரோலினாவின் ஹெமிங்வே என்ற சிற்றூரில் 1972 முதல் ஸ்காட் என்ற கறுப்பினக் குடும்பத்தார் நடத்தும் கடையோ, அண்டை அயலார் வேண்டாமென்று சொல்லும் மரங்களைத் தாங்களே வெட்டி வந்து, இரும்புத் தண்டுகள் குறுக்கே செருகிய பெரும் பீப்பாயில் கட்டைகளை எரித்து, அடியில் உதிரும் தணலை வாரிப் பன்றியைச் சுடும் பழைய முறையைக் கைவிடவே இல்லை. அக்குடும்பத்தின் ராட்னி ஸ்காட்டுக்கு 2018இல் அமெரிக்காவின் மிகப் பெரிய சமையற் கௌரவமாகிய ஜேம்ஸ் பியர்டு விருது கிடைத்தது.

விடுதி வைக்காதவர், குழி வெட்ட இடமில்லாதவர், இந்தப் பரம்பரையோடு கொள்ளக்கூடிய தொடர்பு சொந்தமாகச் சிராய் செய்துகொள்வதே. அது அற்பமான காரியமன்று. முதலில் மரத்தை இன்னதென்று ஐயமற அறிந்திருக்க வேண்டும். டெக்ஸாஸ் கடற்கரையில் கால்வெஸ்டன் நகரம் அரளிக்குப் பேர்போனது, அரளியின் கிளையும் வெட்டிக் கிடக்கும்போது மற்றக் குச்சியைப் போலவே தோன்றும், ஆனால் அது விஷம். வர்ணம் பூசியதும், பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றியதும், பசையிட்டு ஒட்டியதுமான பலகைகளைத் தொடவே கூடாது. 2003ஆம் ஆண்டு முடியும்வரை அமெரிக்க வீடுகளுக்கு விற்ற மருந்தேற்றிய பலகைகளில் ஆர்ஸெனிக் இருந்தது. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராக இருக்கலாம். ஆகையால் கிளையை அடி நீளத் துண்டுகளாக்கிப் பிளந்து, மழை படாமலும் காற்றுத் தடைபடாமலும் அடுக்கி, ஆறு மாதமோ ஓராண்டோ காயவிட்டு, பூஞ்சை பிடித்த துண்டுகளை விலக்கிய பின்னரே கைக்கோடரியை எடுக்க வேண்டும். சங்கிலி ரம்பத்தால் அறுத்த தூளைச் சேர்ப்பது தவறு. அதில் இயந்திர எண்ணெய் கலந்திருக்கும். பெருவிரல் அளவில் செதுக்கி, தூளைச் சலித்து நீக்கி, காற்றோட்டமுள்ள கோணிப் பையில் வைப்பது உத்தமம். பயன்படுத்துமுன் நீரில் ஊறவைக்க வேண்டுமென்று பலர் விதிக்கிறார்கள். அந்த நீர் வைரம் பாய்ந்த மரத்துள் அதிகம் இறங்குவதில்லை, மேலே தங்கிய ஈரம் ஆவியாகிப் போகும்வரை புகைச்சலைத் தாமதப்படுத்துவதொன்றே அதன் பயன். அடர்ந்த வெண்புகை இறைச்சியைக் கசக்க வைக்கும். கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் நீலம் பாய்ந்து எழும் மெல்லிய புகைதான் வேண்டுவது. மரத்தைத் தொலைவிலிருந்து கொண்டுவருவதும் கூடாது. 2002இல் டெட்ராயிட் நகரருகே காணப்பட்ட மரகதப் பச்சை வண்டு, ஊர்விட்டு ஊர் சென்ற விறகோடு பயணம் செய்து கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது.

இவ்வாறு சிராய் செதுக்குவோர் பலருக்கு எளிதில் கிடைப்பது பெக்கான் தோட்டங்களில் கழித்துப்போட்ட கிளை. பெக்கான் ஹிக்கரியின் உடன்பிறப்பு. அதன் புகை ஹிக்கரியினும் மென்மையானது, என் எண்ணத்தில் கோழிக்கும் மீனுக்கும் அதைவிட உகந்தது வேறில்லை. காட்டு மரமாயிருந்த பெக்கானைத் தோட்டப் பயிராக்கிய முதல் வெற்றி லூயிஸியானாவில் கிடைத்தது. நல்ல கொட்டை காய்க்கும் மரத்தின் கிளைகளை ஒட்டுக் கட்ட முயன்று தோற்ற ஒரு வைத்தியர், அக்கிளைகளை ஓக் ஆலி என்று இன்று வழங்கும் கரும்புப் பண்ணையின் எஜமானனிடம் கொடுத்தார்; 1846ஐ ஒட்டி அந்தப் பண்ணையின் அடிமைத் தோட்டக்காரர் அந்துவான் 16 மரங்களில் ஒட்டைப் பொருத்தித் தழைக்கச் செய்தார். அந்த வகை 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுப் பொருட்காட்சியில் புகழ் பெற்று, சென்டெனியல் என்ற பெயரையும் அடைந்தது. பின்னாளில் தென்னாடெங்கும் விரிந்த ஒட்டுப் பெக்கான் தோட்டங்களுக்கு அந்துவானின் கைவேலையே முன்னோடி. பார்பெக்யூவின் சரித்திரத்தை எழுதுவோர் குழியருகே நின்ற கறுப்பினச் சமையற்காரர்களுக்கு அண்மைக் காலத்தில் செலுத்தத் தொடங்கியிருக்கும் மரியாதையை, மரம் வெட்டியவர்களுக்கும் மரம் வளர்த்தவர்களுக்கும் சேர்த்தே செலுத்த வேண்டும். அந்த வரிசையில் முதலில் எழுதத் தக்க பெயர் அந்துவான்.